காத்திருக்கிறேனா, மாட்டிக்கொண்டேனா?

கேள்வி: ஏழு ஆண்டுகளுக்கு முன் தோழி ஒருத்தி சொல்லி ஒரு நிறுவனத்தின் பங்கை வாங்கினேன். இப்போது அதன் விலை வாங்கியதில் பாதி. விலை விழுந்தபோதெல்லாம் இன்னும் கொஞ்சம் வாங்கி, சராசரி விலையைக் குறைத்து ஆவரேஜ் செய்துகொண்டே வந்தேன். விற்றுவிடு என்கிறார் கணவர். வாரன் பஃபெட் விற்காமல் பொறுத்திருந்துதானே இவ்வளவு பெரிய முதலீட்டாளர் ஆனார், நானும் பொறுத்திருக்கிறேன் என்று அவருக்குப் பதில் சொல்கிறேன். நான் செய்வது சரியா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். எத்தனை ஆண்டு, விலை என்ன ஆனது, யார் சொல்லி வாங்கினீர்கள், வீட்டில் என்ன பேச்சு, எல்லாம் இருக்கிறது. அந்த நிறுவனம் என்ன தொழில் செய்கிறது என்பது மட்டும் ஓரிடத்திலும் இல்லை. எனக்குக் கவலை தருவது பாதியாகிப்போன விலை இல்லை, இதுதான்.

பஃபெட்டைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் அவருடைய பொறுமையையே சொல்கிறார்கள். ஆனால் அவர் பொறுத்திருப்பது கடைசி வேலை. அதற்கு முன்னால் இரண்டு வேலை முடிந்திருக்கும். இந்தத் தொழிலின் மதிப்பு சுமாராக எவ்வளவு என்று கணக்குப் போட்டிருப்பார். அந்த மதிப்பைவிட நன்றாகக் குறைந்த விலையில் வாங்கியிருப்பார். கணக்கு கொஞ்சம் தப்பினாலும் அடி பலமாக விழாதபடி நடுவில் விடும் இந்த இடைவெளியை அவருக்குக் கற்றுக்கொடுத்தவர், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவருக்கு ஆசிரியராக இருந்த பெஞ்சமின் கிரஹாம். இந்த இரண்டும் இல்லாமல் வெறுமனே காத்திருப்பதை அவர் பெயரில் எழுதிக்கொள்ள முடியாது.

அவர் எப்படி ஆராய்வார் என்பதற்கு ஒரு காட்சி. 1963 முடிவில், ரொக்கத்துக்குப் பதிலாக நீட்டும் அட்டைகளை வழங்கும் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனம் ஒரு மோசடியில் சிக்கியது. ஒரு எண்ணெய் வியாபாரி, தொட்டிகளில் சோயா எண்ணெய் இருப்பதாகக் காட்டிக் கடன் வாங்கியிருந்தார். தொட்டிகளில் பெரும்பாலும் தண்ணீர். சரக்கு இருக்கிறது என்று ரசீது கொடுத்தது அமெரிக்கன் எக்ஸ்பிரஸின் துணை நிறுவனம். பங்கின் விலை சரிந்தது. பஃபெட் என்ன செய்தார் தெரியுமா? ஒமாஹாவில் ஓர் உணவகத்தின் கல்லாவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார். சாப்பிட்டு முடித்தவர்கள் இன்னமும் அந்த நிறுவனத்தின் அட்டையை எடுத்து நீட்டுகிறார்களா, கடைக்காரர் தயங்காமல் வாங்கிக்கொள்கிறாரா என்று பார்த்தார். எதுவும் மாறவில்லை. இழப்பு பெரியதுதான், ஆனால் அந்த அட்டையின் மீது மக்களுக்கு இருந்த நம்பிக்கை கலையவில்லை என்று தெரிந்த பிறகுதான் பெரிய அளவில் வாங்கினார்.

விலை விழுந்ததும் அவரும் வாங்கினார், நீங்களும் வாங்கினீர்கள். நீங்கள் ஆவரேஜ் செய்த ஒவ்வொரு முறையும் விலையைத் தவிர வேறு எதைப் பார்த்தீர்கள்? கோபமாகக் கேட்கவில்லை. நானும் இப்படி ஒரு பங்கைப் பல ஆண்டு வைத்திருந்து, ஏன் வாங்கினேன் என்பதே மறந்துபோய் நின்றிருக்கிறேன். அதன் பிறகு, காரணத்தை நோட்டில் நான்கு வரி எழுதாமல் எதையும் வாங்குவதில்லை.

உங்கள் நிலைமைக்கு மிகவும் நெருக்கமான கதை அவருடைய வெற்றிகளில் இல்லை, தவறில் இருக்கிறது. பெர்க்‌ஷயர் ஹாத்தவே பின்னாளில் அவருடைய முதலீட்டு நிறுவனமாக வளர்ந்தது, ஆரம்பத்தில் அது ஒரு துணி ஆலை. நொடித்துக்கொண்டிருந்த அதன் பங்குகளை, மலிவாகக் கிடைக்கிறதே என்று 1962-ல் வாங்கத் தொடங்கினார். 1964-ல் ஆலையின் தலைவர், பங்குகளை 11.50 டாலருக்குத் திரும்ப வாங்கிக்கொள்வதாக வாயால் சொல்லிவிட்டு, கடிதத்தில் 11.375 என்று எழுதினார். எட்டில் ஒரு டாலர் வித்தியாசம். அந்த எரிச்சலில் பஃபெட் விற்க மறுத்து, மேலும் வாங்கி, 1965-ல் ஆலையையே தன் கட்டுப்பாட்டில் கொண்டுவந்தார். மகா முட்டாள்தனமான முடிவு என்று பின்னாளில் அவரே எழுதினார். அந்தத் தொழிலில் போட்ட பணம் விளையவில்லை. 1985-ல் துணி உற்பத்தியை மூடினார். இருபது ஆண்டு பொறுமை அந்த ஆலையைக் காப்பாற்றவில்லை.

இதோடு சீஸ் கேண்டீஸ் என்ற மிட்டாய் நிறுவனத்தை வைத்துப் பாருங்கள். 1972-ல் 2.5 கோடி டாலருக்கு வாங்கினார். அதன் நிலம், கட்டடம், இயந்திரம், சரக்கு என்று கையால் தொடக்கூடியதன் நிகர மதிப்பு 80 லட்சம் டாலர்தான். கிரஹாமின் மாணவருக்கு இது அதிக விலை. கூட்டாளி சார்லி மங்கர்தான், நல்ல தொழிலுக்கு நியாயமான விலை கொடுக்கலாம் என்று அவர் மனதை மாற்றினார். மிட்டாய் விலையை ஏற்றினாலும் வாடிக்கையாளர்கள் போகவில்லை. வளர்வதற்குப் புதிதாகப் போட வேண்டிய முதலும் மிகக் குறைவு. 2014 வரை வரிக்கு முன் சுமார் 190 கோடி டாலர் சம்பாதித்துக் கொடுத்தது. மலிவாக வாங்கிய ஆலை பணத்தைத் தின்றது, விலை கொடுத்து வாங்கிய மிட்டாய்க் கடை பணத்தைக் கொட்டியது. காலம் இரண்டுக்கும் ஓடியது.

அவர் விற்பதே இல்லை என்பதும் உண்மை அல்ல. 2020-ல் பெருந்தொற்று வந்தபோது, கையில் இருந்த நான்கு அமெரிக்க விமான நிறுவனங்களின் பங்குகளையும் நஷ்டத்துக்கே விற்றார். அந்தத் தொழிலின் எதிர்காலம் மாறிவிட்டது என்று நினைத்தார், வெளியேறினார்.

உங்கள் பக்க நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். விலை பாதியானது என்பதாலேயே வாங்கியது தவறு என்று ஆகாது. பெர்க்‌ஷயரின் பங்கே நான்கு முறை 37 முதல் 59 சதவீதம் வரை சரிந்திருக்கிறது. அப்போது விற்காதவர்கள் நன்றாகவே இருக்கிறார்கள். அதனால் கணவர் சொல்கிறார் என்பதற்காக நாளைக்கே விற்க வேண்டாம்.

அதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். நிறுவனத்தின் கடைசி ஐந்து ஆண்டறிக்கைகளை எடுத்துக்கொள்ளுங்கள். விற்பனை, லாபம், கடன், தொழில் நடத்தி உண்மையில் கைக்கு வந்த ரொக்கம், இந்த நான்கையும் ஒரு தாளில் ஆண்டுவாரியாக எழுதுங்கள். லாபம் காட்டிக்கொண்டே ரொக்கம் வராமலும் கடன் ஏறிக்கொண்டும் இருந்தால் எச்சரிக்கையாக இருங்கள். அப்புறம், இந்தத் தொழில் யாரிடமிருந்து எதற்காகப் பணம் வாங்குகிறது, போட்டியாளர் ஏன் அதைப் பறித்துவிட முடியாது என்று நான்கு வரி எழுதுங்கள். நீங்கள் வாங்கிய விலையை மட்டும் அந்தத் தாளில் எழுதவே வேண்டாம். அது உங்களுக்குத்தான் தெரியும், நிறுவனத்துக்குத் தெரியாது. கையில் இன்று பங்காக இல்லாமல் பணமாக இருந்தால், இந்த விலைக்கு இதை வாங்குவீர்களா?

இதற்கெல்லாம் நேரமில்லை, ஈடுபாடும் இல்லை என்றால் அதில் குறை ஒன்றும் இல்லை. அப்படிப்பட்டவர்களுக்கு, சந்தைக் குறியீட்டில் உள்ள பங்குகளை எல்லாம் சேர்த்து வாங்கும், செலவு குறைந்த இண்டெக்ஸ் ஃபண்டையே பஃபெட் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார். இண்டெக்ஸ் ஃபண்டா, நிபுணர்கள் தேர்ந்தெடுக்கும் ஃபண்டுகளா, எது அதிகம் ஏறும் என்று 2008 முதல் 2017 வரை பந்தயமும் கட்டினார். அமெரிக்காவின் சுமார் 500 பெரிய நிறுவனங்களைக் கொண்ட எஸ் அண்ட் பி 500 குறியீட்டின் இண்டெக்ஸ் ஃபண்ட் 125.8 சதவீதம் ஏறியது. பெரும் பணக்காரர்களின் பணத்தை அதிகக் கட்டணத்துக்கு நிர்வகிக்கும் ஹெட்ஜ் ஃபண்டுகளில் முதலீடு செய்யும் ஐந்து ஃபண்டுகளை எதிர்த்தரப்பு நிறுத்தியிருந்தது. அவற்றில் மிக நன்றாகச் செய்ததே 87.7 சதவீதம்தான்.

தாளை எழுதி முடித்ததும் கணவரிடம் படித்துக் காட்டுங்கள். பஃபெட் பெயரைச் சொல்லாமல், அந்த நான்கு வரியை மட்டும் சொல்லி அவருக்குப் பதில் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் வைத்திருங்கள். முடியாவிட்டால் விற்றுவிடுங்கள், என்ன விலை கிடைத்தாலும்.