கிரியேட்டினின் 1.3: ‘நார்மல்’ என்று விட்டுவிடலாமா?

கேள்வி: எனக்கு 52 வயது. 11 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். கிரியேட்டினின் 1.3 வந்திருக்கிறது. 1.4 வரை நார்மல் என்று பரிசோதனைத் தாளில் போட்டிருக்கிறார்கள். ஆனால் சில மாதங்களாகக் காலையில் சிறுநீர் நுரைக்கிறது. மூட்டுவலிக்கு அவ்வப்போது மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போடுகிறேன். தண்ணீர் நிறைய குடித்தால் சரியாகிவிடும் என்கிறாள் தங்கை. பயப்பட வேண்டுமா?
– வாசகி, சேலம்

பதில்: பயம் வேண்டாம். ஆனால் அந்தத் தாளை மடித்துப் பீரோவில் வைத்துவிடாதீர்கள்.

கிரியேட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு. அதனால் ஒரே எண் ஆளுக்கு ஆள் வேறு பொருள் தரும். 25 வயது இளைஞருக்கு 1.3 இருந்தால், அவருடைய சிறுநீரகங்களின் வடிகட்டும் திறன் நிமிடத்துக்குச் சுமார் 78 மில்லி என்று கணக்கு வரும். உங்கள் வயதுப் பெண்ணுக்கு அதே 1.3 என்றால் சுமார் 50தான். இது 60க்குக் கீழே மூன்று மாதம் நீடித்தால் நாள்பட்ட சிறுநீரக நோய் என்கிறோம். ‘உப்பு (கிரியேட்டினின்) ஏறவில்லை, நார்மல்தான்’ என்று ஆறுதல் சொல்லி அனுப்பப்பட்ட எத்தனையோ பேர், கால் வீங்கி மூச்சு வாங்கும்போதுதான் திரும்பி வருகிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் வலிக்கிறது. சிறுநீரகம் வலித்துக் காட்டாத உறுப்பு. பாதிக்கு மேல் பழுதான பிறகும் பேசாது.

நீங்கள் உடனே கேட்டுச் செய்ய வேண்டியது சிறுநீரில் ஆல்புமின்–கிரியேட்டினின் விகிதம். காலையில் முதலில் கழிக்கும் சிறுநீர் போதும். காய்ச்சலோ சிறுநீர்த் தொற்றோ இருக்கும் நாளில் கொடுக்காதீர்கள். 30க்கு மேல் இருந்தால் ஆல்புமின் என்னும் புரதம் கசிகிறது. நுரை பல நிமிடம் கலையாமல் நிற்பது இந்தக் கசிவால் இருக்கலாம். நுரையை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. மூன்று மாதம் கழித்து, கிரியேட்டினின், இந்த விகிதம் ஆகிய இரண்டு பரிசோதனைகளையும் மறுபடி செய்யுங்கள்.

வலி மாத்திரையை இன்றே நிறுத்துங்கள். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென், அசிக்ளோஃபெனாக் எல்லாமே சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைப்பவை. வலிக்குப் பாரசிட்டமால், வெளிப்பூச்சு, தொடைத் தசைப் பயிற்சி என்று மாறுங்கள்.

இழந்த திறன் பெரும்பாலும் திரும்பாது. இருப்பதைப் பல ஆண்டுகள் காக்க இன்று நல்ல மருந்துகள் இருக்கின்றன. கசிவு இருந்தால் டெல்மிசார்டான் அல்லது ராமிப்ரில் வடிகட்டிகளுக்குள் இருக்கும் அழுத்தத்தைத் தணிக்கும். தொடங்கியதும் கிரியேட்டினின் சற்று ஏறலாம். பயந்து நிறுத்திவிடாமல், இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் பொட்டாசியத்தையும் சேர்த்துப் பாருங்கள். அடுத்தது டபாகிளிஃப்ளோசின். சர்க்கரைக்கென்று வந்த இந்த மருந்து, சர்க்கரை இல்லாதவர்களின் சிறுநீரகத்தையும் காக்கிறது என்று 2020இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் இந்த மருந்துகளைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டியிருக்கும். உடனே மருத்துவரைக் கேளுங்கள். பிரஷர் 130/80க்குக் கீழே இருக்கட்டும்.

தண்ணீர் தாகத்துக்குக் குடித்தால் போதும். குடம் குடமாகக் குடித்து இந்த நோயை ஆற்ற முடியாது. உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், ஒரு தேக்கரண்டிக்குள். கருவாடு, அப்பளம், ஊறுகாய் எல்லாம் அந்தக் கணக்கில்தான் வரும். இந்துப்பும் உப்புதான். சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதில் பொட்டாசியம் இருக்கும். உங்களுக்கு அது ஆபத்து.

இன்னொன்று. சர்க்கரை தானாகவே குறைந்துவிட்டது, இன்சுலின் அளவைக் குறைத்துவிட்டேன் என்று சிலர் மகிழ்ச்சியோடு வருவார்கள். சிறுநீரகம் தளரும்போது இன்சுலின் உடலில் கூடுதல் நேரம் தங்கும். அதனாலும் சர்க்கரை இறங்கும். உங்களுக்கு அப்படிக் காரணமின்றிக் குறைந்தால், தாமதிக்காமல் கிரியேட்டினின் பாருங்கள்.