புது டயரோடு ட்ராக்கில் இறங்கலாமா?

கேள்வி: அடுத்த மாதம் சென்னைக்குப் பக்கத்தில் உள்ள இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்கில் என் காரை ஓட்டப் பதிவு செய்திருக்கிறேன். அதற்காகவே சாஃப்ட் காம்பவுண்ட் (மென்மையான ரப்பர்) டயர் நாலும் புதிதாக வாங்கியாச்சு. முதல் நாள் மாட்டிக்கொண்டு நேராகப் போய் ஓட்டலாமா? காற்று எவ்வளவு வைப்பது?
- வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: வேண்டாங்க, ஒரு வாரம் முன்பே மாட்டிவிடுங்கள். புது டயரின் மேல்பரப்பு கொஞ்சம் வழுக்கும், தயாரிக்கும்போது வார்ப்பு அச்சிலிருந்து கழன்று வரப் பூசும் பொருள் அதில் ஒட்டியிருக்கும். ஓசூர், தர்மபுரி என்று 200 கிலோமீட்டர் நிதானமாக ஓட்டினால் அது போய்விடும்.

ஆனால் ரோட்டில் ஓட்டுவது மட்டும் போதாது. ட்ராக்கில் ஏறும் சூடே வேறு. முதல் முறை இறங்கும்போது பத்துப் பதினைந்து நிமிடம், ரவுண்டுக்கு ரவுண்டு கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைக் கூட்டி, டயர் நன்றாகச் சூடானதும் வெளியே வந்துவிடுங்கள். அப்புறம் 24 மணி நேரம் அந்த டயருக்கு ஓய்வு கொடுத்தால், சூட்டில் அறுந்த ரப்பரின் உள்பிணைப்புகள் சீராகத் திரும்பச் சேரும், பிடிமானமும் நீண்ட நாள் நிற்கும். இரண்டு நாள் நிகழ்ச்சி என்றால் முதல் நாளை இதற்கே ஒதுக்குங்கள். ஒரே நாள்தான் என்றால், பாதி பட்டன் தேய்ந்த, வெடிப்போ வீக்கமோ இல்லாத பழைய டயரிலேயே போங்கள் என்பேன். காய்ந்த ட்ராக்கில் ஆழமான புதுப் பட்டன்தான் நெளிந்து, சூடேறி, துண்டு துண்டாகப் பிய்யும்.

காற்றுக்கு வருவோம். வெப்பம் 5, 6 டிகிரி ஏறினால் காற்றழுத்தம் சுமார் 1 பிஎஸ்ஐ கூடும். காலையில் 32 வைத்த டயர் சில ரவுண்டுகளில் 38-ஐத் தொட்டுவிடலாம், அதனால் பிட்டுக்கு (ட்ராக் ஓரம் காரை நிறுத்தும் இடம்) வந்ததும் சூடு ஆறுவதற்குள் அளந்து, சூடான டயருக்கு என்று டயர் கம்பெனி சொல்லும் காற்று அளவுக்கு இறக்குங்கள். நாலு டயரும் ஒரே மாதிரி ஏறாது. வலது வளைவு அதிகமுள்ள ட்ராக்கில் இடப்பக்க டயர்கள்தான் அதிகம் சூடாகும். காற்று அளக்கும் நல்ல கேஜ் ஒன்று சொந்தமாக வாங்கிக்கொள்ளுங்கள், பங்க்கில் உள்ளதை நம்ப வேண்டாம். டயரின் தோள்பட்டையில், அதாவது மேல்பரப்பும் பக்கச்சுவரும் சேரும் ஓரத்தில், சாக்பீஸால் கோடு போட்டு வையுங்கள்: கோடு பக்கச்சுவர் வரை அழிந்தால் காற்று குறைவு, அழியவே இல்லையென்றால் அதிகம்.

ஒன்றைத் தயவுசெய்து மறக்காதீர்கள். சூட்டில் இறக்கிய காற்று ஆறினால் இன்னும் குறையும். அதே நிலையில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு வாணியம்பாடி பக்கம் 100-ல் வந்தால் டயர் உள்ளுக்குள் மடங்கி மடங்கிச் சூடாகி வெடிக்கும். கிளம்பும் முன் கார் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் அளவுக்கு நிரப்பிவிட்டு, வீல் நட்டுகளையும் டார்க் ஸ்பேனரால் (சரியான அளவு இறுக்கத்தைக் காட்டும் ஸ்பேனர்) ஒரு முறை பாருங்கள்.

கேள்வி: ட்ராக்குக்கு நைட்ரஜன் அவசியமா?
- வாசகர், பாலக்கோடு

பதில்: அவசியமில்லை. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். நைட்ரஜனில் ஈரம் இருக்காது, அதனால் அழுத்தம் கொஞ்சம் சீராக ஏறும், அவ்வளவுதான். அந்தக் காசுக்கு நாலு வால்வும் புதிதாக மாற்றி, உலோக மூடி போடுங்கள்.