வாசல் விளக்கு எரிந்தால் வரலாம்: ஹாலோவீன் கேள்வி பதில்

ஆப்பிள் பறிப்பதில் தொடங்கி ஹாலோவீன் இரவு வரை, இலையுதிர் காலத்தைக் குடும்பத்தோடு எப்படிக் கழிப்பது என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். நான் பிறந்தது திருச்செந்தூர் பக்கம். மாசசூசெட்ஸில் வூஸ்டர் அருகே 18 ஆண்டுகளாக இருக்கிறேன். இரண்டு பிள்ளைகள், மாமனாரும் எங்களோடுதான். வீட்டில் செய்து பார்த்ததை வைத்தே பதில் சொல்கிறேன்.

டெக்சாஸிலிருந்து ஒரு தம்பி: அக்கா, நாங்கள் வந்து நாலு மாதம்தான் ஆகிறது. ஹாலோவீன் கிறிஸ்தவப் பண்டிகையா, பேய்ப் பண்டிகையா? நாம் கலந்துகொள்ளலாமா?

இரண்டும் கலந்து வந்தது தம்பி. நவம்பர் 1 எல்லாப் புனிதர்களுக்குமான நாள். அதற்கு முந்தைய மாலை என்பதுதான் ஹாலோவீன் என்ற பெயரின் பொருள். மறுநாள் நவம்பர் 2, நம் ஊரில் கல்லறைத் திருநாள். தூத்துக்குடிப் பக்கம் அன்று கல்லறைகளைச் சுத்தம் செய்து, பூவும் மெழுகுவத்தியும் வைப்பதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். இந்த நாட்களுக்கெல்லாம் முன்பே அயர்லாந்தில் அறுவடை முடிந்து குளிர்காலம் பிறக்கும் பொழுதை ‘சௌவின்’ என்று கொண்டாடினார்கள். அன்றைக்கு இறந்தவர்கள் நம் பக்கம் வந்து போவார்கள் என்று நம்பினார்கள். 1840களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் கப்பலேறி வந்த ஐரிஷ் மக்களோடு இந்த வழக்கம் அமெரிக்காவில் வேர் பிடித்தது. அங்கே டர்னிப்பைக் குடைந்து விளக்கு வைத்தவர்களுக்கு இங்கே பூசணி கிடைத்தது. பெரியது, குடைய எளிது. அப்புறம் டர்னிப்பை யார் தேடப் போகிறார்கள்!

இன்று இதில் பூஜை, பிரார்த்தனை எதுவும் இல்லை. வேடம் போட்ட குழந்தைகள் வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்குவார்கள், அவ்வளவுதான். வந்த முதல் வருடம் இதைப் பார்த்தபோது எனக்குக் குலசை தசராதான் நினைவுக்கு வந்தது. குலசேகரன்பட்டினம் முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்கள் ராஜா, குரங்கு, குறத்தி என்று வேடம் போட்டு, ஊர் ஊராகப் போய்க் காணிக்கை வாங்கிக் கோயிலில் சேர்ப்பார்கள். தசரா செட் எங்கள் தெருவுக்கு வரும் சத்தம் கேட்டால் சோற்றுத் தட்டை வைத்துவிட்டு ஓடுவோம். அது பக்தி, இது விளையாட்டு. இரண்டும் ஒன்று என்று சொல்ல மாட்டேன். ஆனால் வேடம் போட்டு வருகிறவரை வாசலில் நின்று வரவேற்பது நமக்கு அந்நியமான பழக்கம் இல்லை. தயங்காமல் போங்கள்.

கலிபோர்னியாவிலிருந்து ஒரு அம்மா: என் மகள், 9 வயது, பள்ளிக்கூட அணிவகுப்புக்குக் காளி வேடம் போட வேண்டும் என்கிறாள். என்ன செய்வது?

நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். குலசையில் காளி வேடம் போடுகிறவர் பல நாள் விரதம் இருப்பார். காப்புக் கட்டிய பிறகு அவரை ஊரே அம்மனாகப் பார்க்கும். விஜயதசமி இரவு கடற்கரையில் சூரசம்ஹாரம் முடிந்து காப்பு அவிழ்க்கும்வரை அந்தக் கட்டுப்பாடு இருக்கும். அதை எலும்புக்கூடும் ரத்தக்காட்டேரியும் நடக்கும் வரிசையில் நிறுத்த எனக்கு மனம் வராது. இந்தக் காரணத்தை மகளிடம் உட்கார்ந்து சொல்லுங்கள். 9 வயதுக்கு நன்றாகவே புரியும். நவராத்திரி கொலுவுக்கு உங்கள் வீட்டிலேயே காளி வேடம் போட்டுவிடுங்கள். ஹாலோவீனுக்கு அவளுக்குப் பிடித்த மிருகமோ விண்வெளி வீரரோ ஆகட்டும். மற்றவர்களின் சாமியையும் சடங்கு உடையையும் நாமும் வேடமாக்காமல் இருந்தால், நம் பிள்ளைக்குச் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கும்.

வேடம் எதுவானாலும் உள்ளே ஒரு ஜாக்கெட் நுழையும் அளவுக்குத் தொளதொளவென்று தையுங்கள். இங்கே வடகிழக்கில் அன்றிரவு பல்லெல்லாம் அடித்துக்கொள்ளும். அழகான உடுப்புக்கு மேல் கோட்டு மாட்டச் சொன்னதும் என் மகள் அழுத அழுகையை இன்னும் மறக்கவில்லை.

நியூஜெர்சியிலிருந்து ஒரு மருமகள்: வாசலில் பேய் முகம் வெட்டிய பூசணி வைத்தால் மாமியாருக்குப் பிடிக்கவில்லை. எப்படிச் சொல்வது?

கட்டிக்கொண்டிருக்கும் வீட்டின் முன்னால் மீசையும் கோரைப்பல்லும் வரைந்த திருஷ்டிப் பூசணி தொங்குமே, அதை நினைவுபடுத்துங்கள். அயர்லாந்திலும் கெட்டதை விரட்டத்தான் அந்த முகம் என்று சொல்லுங்கள். அதற்கும் மேல் அவருக்கு உறுத்தினால் முகம் வெட்ட வேண்டாம். பூவும் இலையும் வெட்டுங்கள், ஒரு கோலத்தையே வெட்டுங்கள். விளக்கு வைத்தால் அதுவும் அழகுதான். வீட்டுப் பெரியவரை வருத்திக்கொண்டு ஒரு அலங்காரம் தேவையில்லை.

பெங்களூரிலிருந்து வரும் ஒரு குடும்பம்: அக்டோபரில் பத்து நாள் வருகிறோம். இலை நிறம் மாறுவதை எங்கே, எப்போது பார்க்கலாம்?

நிறம் வடக்கிலிருந்து தெற்கே, மலை உச்சியிலிருந்து கீழே இறங்கும். வட வெர்மான்ட்டில் செப்டம்பர் கடைசியிலேயே தொடங்கிவிடும். எங்கள் பக்கம் அக்டோபர் நடுவில். நியூஜெர்சியில் மாதக் கடைசியில். ஒரே இடம் சொல்லுங்கள் என்றால், நியூ ஹாம்ப்ஷயரின் காங்காமேகஸ் நெடுஞ்சாலை. கான்வேக்கும் லிங்கனுக்கும் நடுவே, காட்டுக்குள்ளேயே போகும் மலைப்பாதை. அக்டோபர் முதல் இரண்டு வாரத்தில், வார நாளாகப் பார்த்துப் போங்கள். பாதையில் பெட்ரோல் பங்க் கிடையாது, புறப்படும்போதே நிரப்பிக்கொள்ளுங்கள்.

குழந்தைகளுக்கு ஒன்று சொல்லிக் கொடுங்கள். மஞ்சள் நிறம் கோடை முழுக்க இலைக்குள்ளேயேதான் இருந்தது. பச்சையம் சிதைந்து மறைந்ததும் வெளியே தெரிகிறது. சிவப்பு அப்படி இல்லை. அதை இலையே கடைசி நாட்களில் புதிதாகத் தயாரிக்கிறது. பகலில் நல்ல வெயிலும் இரவில் உறையாத குளிரும் இருந்தால் இலையில் சர்க்கரை தங்கிச் சிவப்பு கூடும். அதனால்தான் ஒரே மரம் ஒரு வருடம் தீயாக எரிகிறது, அடுத்த வருடம் மங்கிக் கிடக்கிறது. எங்கள் வீட்டு மேப்பிள் மரத்தடியில் பிள்ளைகளை வருடா வருடம் ஒரே இடத்தில் நிறுத்திப் படம் எடுக்கிறோம். பிள்ளைகள் வளர்வதும் தெரியும், அந்த வருடத்து இலையும் தெரியும்.

அதே குடும்பம்: பாஸ்டனிலிருந்து அங்குள்ள சேலம் ஊருக்குப் போகலாமா?

போங்கள், ஆனால் காரில் வேண்டாம். அக்டோபர் வார இறுதிகளில் அந்தச் சின்ன ஊருக்குள் வண்டி நகராது. பாஸ்டன் வடக்கு நிலையத்திலிருந்து ரயிலில் அரை மணி நேரம்தான். தெருவெல்லாம் சூனியக்காரி தொப்பிகளாக இருக்கும். அதற்குள் இறங்கும் முன் 1992-ல் திறந்த நினைவிடத்துக்குப் போய்க் கொஞ்ச நேரம் நில்லுங்கள். 1692-ல் சூனியம் வைத்ததாகப் பழி சுமத்தி 19 பேரைத் தூக்கிலிட்டார்கள். ஒரு முதியவரைக் கல் ஏற்றி நசுக்கிக் கொன்றார்கள். பெயர் பொறித்த கல் பலகைகள் சுவரோடு வரிசையாக நிற்கும். ஒருவர்கூடச் சூனியக்காரர் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்களின் பேச்சால் செத்தவர்கள். பெரிய பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டிய கதை.

மிச்சிகனிலிருந்து ஒரு அப்பா: ஆப்பிள் தோட்டத்துக்குப் போனால் கூடை கூடையாக வாங்கிவந்து வீணாகிறது.

சின்னப் பை வாங்குங்கள். ‘பெக்’ என்றால் ஏறக்குறைய 10 பவுண்டு. நாலு பேர் குடும்பத்துக்குத் தாராளம். மெக்கின்டாஷ் சீக்கிரம் மாவாகிவிடும், முதலில் அதைத் தின்னுங்கள். மொறுமொறுப்பு வேண்டுமானால் மினசோட்டா பல்கலைக்கழகம் 1991-ல் வெளியிட்ட ஹனிகிரிஸ்ப். புளிப்பான காய்களை மாங்காய்த் தொக்கு போலவே நல்லெண்ணெயில் வதக்கிப் பெருங்காயம் போட்டு இறக்குங்கள், ஒரு மாதம் இட்லிக்குக் கவலை இல்லை. காய்ச்சாத ஆப்பிள் சைடரைச் சின்னக் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்காதீர்கள். புட்டியில் எழுதியிருக்கும், படித்துப் பாருங்கள்.

ஓஹாயோவிலிருந்து ஒரு தங்கை: வெட்டிய பூசணியைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. சமைக்கலாமா?

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன்! வாசலில் ஒரு இரவு இருந்த பூசணியைச் சமைக்காதீர்கள், அது எருக்குழிக்கு. ஆனால் வெட்டும் அன்றே சுரண்டி எடுக்கும் சதையும் விதையும் நமக்குத்தான். முகம் வெட்ட விற்கும் பெரிய ரகங்கள் நீர்த்த சதையும் நாருமாக இருக்கும். கூட்டுக்கு ஆகாது. புளியும் காரமும் தூக்கலாக வைக்கும் குழம்புக்குப் பரவாயில்லை. உண்மையான ருசிக்கு ‘சுகர் பை’ என்ற குட்டிப் பூசணி வாங்குங்கள், இல்லையென்றால் ஆசியக் கடையில் கபோச்சா. நம் ஊர் மஞ்சள் பூசணியின் மாவுத்தன்மை கபோச்சாவில் அப்படியே இருக்கிறது. காராமணி ஊறவைத்து, தேங்காய் அரைத்து விட்டுப் பாருங்கள். டப்பாவில் வரும் பூசணி விழுதுக்கு இல்லினாயின் மோர்ட்டன் பக்கம்தான் பேர்போன இடம். அந்த ரகம் ஆரஞ்சாகக்கூட இருக்காது, வெளிறிய மண் நிறம்.

விதையை நன்றாகக் கழுவி, துணியில் ஒற்றி, எண்ணெய், உப்பு, மிளகாய்த்தூள், கொஞ்சம் கறிவேப்பிலை போட்டு அவனில் 325 டிகிரி ஃபாரன்ஹீட்டில் பொன்னிறமாக வறுங்கள். வறுத்த முதல் கிண்ணம் மாமனாருக்கு என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

வெட்டும் விஷயம்: ஹாலோவீனுக்கு இரண்டு மூன்று நாள் முன்னால் வெட்டினால் போதும், முன்பே வெட்டினால் பூஞ்சை பிடித்து முகம் தொங்கிவிடும். குழந்தை வரையட்டும், கரண்டியால் குடையட்டும், பெரியவர் வெட்டட்டும். சமையல் கத்தி வேண்டாம், பூசணிக்கென்று விற்கும் சின்ன ரம்பக் கத்தி வழுக்காது. உள்ளே பேட்டரி விளக்கு.

ஜார்ஜியாவிலிருந்து ஒரு அம்மா: மிட்டாயில் விஷம், ஊசி என்கிறார்கள். பயமாக இருக்கிறது.

ஜோயல் பெஸ்ட் என்ற சமூகவியலாளர் 1958 முதல் வந்த இப்படிப்பட்ட செய்திகளைப் பல ஆண்டுகளாகத் துருவிப் பார்த்திருக்கிறார். வீடு வீடாகப் போய் வாங்கிய மிட்டாயில் எவரோ விஷம் வைத்து ஒரு குழந்தை இறந்ததாகவோ பெரிதாகப் பாதிக்கப்பட்டதாகவோ உறுதியான ஒரு சம்பவம்கூட அவருக்குக் கிடைக்கவில்லை. உறை பிரிந்திருந்தால் தூக்கிப் போடுங்கள், அது போதும்.

உங்கள் பயத்தை முழுக்கச் சாலைப் பக்கம் திருப்புங்கள். 1975 முதல் 2016 வரையிலான விபத்துகளை ஆராய்ந்தவர்கள், ஹாலோவீன் மாலையில் நடந்து போகிறவர்கள் வண்டியில் அடிபட்டு இறப்பது, ஒரு வாரம் முன்னும் பின்னும் உள்ள மாலைகளைவிட 43 சதவீதம் அதிகம் என்று கண்டார்கள். எங்கள் ஊரில் அன்று ஐந்தே முக்காலுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். கறுப்பு உடுப்பா, முதுகில் ஒளிரும் பட்டை ஒட்டுங்கள். கண்ணை மறைக்கும் முகமூடிக்குப் பதில் முகத்தில் வண்ணம். கையில் டார்ச். ஒரு பக்கத்து வீடுகளை முடித்துவிட்டு முனையில் மட்டும் சாலையைக் கடக்க வேண்டும். அன்றைக்கு வண்டி ஓட்டுகிறவர் நீங்கள் என்றால் தெருவுக்குள் ஊர்ந்து போங்கள்.

வாஷிங்டன் மாநிலத்திலிருந்து: நாங்கள் சைவம், மகனுக்கு வேர்க்கடலை ஒவ்வாமையும் உண்டு.

கம்மி, மார்ஷ்மெல்லோ, கேண்டி கார்ன் போன்றவற்றில் பெரும்பாலும் ஜெலட்டின் இருக்கும். அது விலங்கின் தோலிலும் எலும்பிலும் எடுப்பது. உறையைப் படியுங்கள். வீடு திரும்பும்வரை ஒன்றையும் வாயில் போடக்கூடாது என்பது மகனோடு உடன்பாடாக இருக்கட்டும். போகும் வழியில் நீலப்பச்சை நிறப் பூசணி தெரிந்தால் அந்த வீட்டில் மிட்டாய்க்குப் பதில் பென்சிலோ ஸ்டிக்கரோ பொம்மையோ கிடைக்கும். 2014 முதல் நாடு முழுக்கப் பரவிய அடையாளம் அது. உங்கள் வாசலிலும் ஒன்று வையுங்கள். இன்னொரு வீட்டுப் பிள்ளை அதைப் பார்த்து ஓடிவரும்.

வர்ஜீனியாவிலிருந்து: 14 வயது மகன் போகலாமா?

உங்கள் ஊர் விதியைப் பாருங்கள். உங்கள் மாநிலத்துச் செசபீக் நகரம் 2019-ல் தான் வயது வரம்பை 12-லிருந்து 14-ஆக உயர்த்தியது. விதி தடுக்காவிட்டால் தாராளமாகப் போகட்டும். எங்கள் வாசலுக்கு வரும் நெட்டைப் பிள்ளைகளுக்கு இரண்டு மிட்டாயாகக் கொடுப்பேன். அந்த வயதில் அன்றிரவு வேறு எங்கெல்லாமோ போயிருக்கலாம். பை எடுத்துக்கொண்டு நம் வாசலுக்கு வந்து நிற்கிறார்களே.

இல்லினாயிலிருந்து: தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில் வந்தால்?

2024-ல் அக்டோபர் 31 அன்றே தீபாவளி வந்தது. விடியற்காலையில் எண்ணெய்க் குளியல், புதுத்துணி; சாயங்காலம் வேடம். படியில் பூசணிக்கு இருபுறமும் அகல் விளக்கு வைத்தோம். வந்த பிள்ளைகளின் பெற்றோர் நின்று விசாரித்தார்கள். முறுக்கு கொடுத்தோம், தின்றுகொண்டே பேசினார்கள். அத்தனை நாள் கையசைப்போடு நின்ற நாலு குடும்பங்களோடு அன்றுதான் பேச்சுத் தொடங்கியது.

கடைசியாக, வட கரோலினாவிலிருந்து ஒரு மகன்: ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு இதில் என்ன வேலை?

வாசலை அவர்களிடம் கொடுங்கள். விளக்கு எரிந்தால் பிள்ளைகள் வருவார்கள், அணைத்தால் வர மாட்டார்கள். இதைவிடப் பெரிய விதி எதுவும் அவர்கள் கற்க வேண்டியதில்லை. அயோவாவின் டி மொயினில் பிள்ளைகள் ஒரு ஜோக் சொல்லித்தான் மிட்டாய் வாங்குவார்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, என் மாமனார் ஒவ்வொரு பிள்ளையிடமும் “என்ன வேடம்?” என்று கேட்டுப் பதில் வாங்கித்தான் மிட்டாய் போடுவார். அவருக்குத் தெரிந்த ஆங்கிலத்துக்கு அது போதுமாக இருக்கிறது.

வந்தவர்களை ஐந்து ஐந்தாகக் கோடு போட்டு எண்ணி, தாளை எடுத்து வைப்பது அவர் வேலை. 2011 தாளில் மட்டும் தேதி நவம்பரில் இருக்கிறது. அக்டோபர் 29 அன்று பெய்த பனியில் இலை உதிராத மரங்களெல்லாம் பாரம் தாங்காமல் முறிந்து, தெருவில் மின்கம்பி கிடந்தது. ஊரே ஹாலோவீனைத் தள்ளிவைத்தது. அந்த வருடம் ஒன்பதே கோடு. போன வருடம் 83.

உங்கள் அப்பாவுக்கு ஒரு நாற்காலி, அம்மாவுக்கு மிட்டாய்க் கூடை. காதை மூடும் குல்லாவும் ஒரு கம்பளியும் இப்போதே வாங்கி வையுங்கள். ஏழு மணிக்கு மேல் குளிர ஆரம்பித்துவிடும்.