ஒய் அச்சில் எண்கள் வரிசை மாறி வருவது

950, அதற்கு மேலே 1,200, அதற்கும் மேலே 87 என்று உங்கள் வரைபடத்தின் ஒய் அச்சு தாறுமாறாக வருவதாக எழுதியிருந்தீர்கள். வரையும் நிரலில் தப்பில்லை. உங்கள் எண்கள் சரங்களாக, அதாவது வெறும் எழுத்துகளாக, உள்ளே போகின்றன. சரம் வந்தால், வரைபடம் போடும் பைத்தான் நூலகமான மேட்பிளாட்லிப் அதை ஒரு பெயராக எடுத்துக்கொண்டு, வந்த வரிசையிலேயே அடுக்கிவிடும். பிழைச் செய்தியும் வராது, அதுதான் எரிச்சல்.

காரணம் அநேகமாக அந்த 1,200-இல் உள்ள காற்புள்ளிதான். ஒரே ஒரு மதிப்பில் இருந்தாலும் போதும், கோப்பைப் படிக்கும் பாண்டாஸ் நூலகம் அந்த நெடுவரிசையை எண்ணாக எடுக்காது. நெடுவரிசைகளின் வகையைக் காட்டும் டீடைப்ஸ் (dtypes) போட்டுப் பாருங்கள். இன்ட் (முழு எண்), ஃப்ளோட் (தசம எண்) தவிர வேறு எது வந்தாலும் சந்தேகமே வேண்டாம், இதுதான் காரணம். கோப்பைப் படிக்கும்போதே தௌசண்ட்ஸ் (thousands) அளபுருவில் காற்புள்ளியைக் கொடுத்துவிடுங்கள். 1,25,000 மாதிரி லட்சக் கணக்கும் சரியாகிவிடும்.

அப்புறம், 'இல்லை' என்று எழுதிய கட்டங்கள் இருந்தால் தௌசண்ட்ஸ் கொடுத்தும் நெடுவரிசை சரமாகவே நிற்கும். அப்போது முதலில் காற்புள்ளிகளை நீக்கிவிட்டு, சரத்தை எண்ணாக்கும் டு நியூமெரிக்கை (to_numeric), மாற்ற முடியாததை வெற்றாக விடும் கோயர்ஸ் (coerce) வைத்து ஓட்டுங்கள். அங்கே கோடு விட்டுப்போகும், போகட்டும். சுழியம் போட்டு நிரப்பிவிடாதீர்கள்.