வெளிநாட்டில் இருக்கிறேன், ஊரில் அம்மா தனியே. என் குரலில் ஏஐ மூலம் யாராவது பேசிக் காசு கேட்டால் அம்மா எப்படித் தப்பிப்பது?

கேட்டவர் கட்டாரிலோ சவூதியிலோ வேலை செய்பவர் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். வேறு நாடென்றாலும் சொல்லப்போவது மாறாது. ஊரில் போனைத் தூக்கப்போவது அம்மாதானே.

நான் களுவாஞ்சிகுடிப் பக்கம் கொமினிகேஷன் கடை வைத்திருக்கிறேன். போட்டோகொப்பி, ரீலோட், ஈஸி கேஷ், விண்ணப்பப் படிவம் நிரப்புவது, இதுதான் தொழில். காசு அனுப்ப வருகிறவர்களின் முகத்தை நாள் முழுக்கப் பார்க்கிறவன் என்பதால் இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போக முடியவில்லை.

முதலில் ஒன்று. குரலைக் கேட்டு உண்மையா பொய்யா என்று கண்டுபிடிக்கும்படி அம்மாவுக்குச் சொல்லிக் கொடுக்காதீர்கள். ஏஐ குரலில் மூச்சுச் சத்தம் இருக்காது, ஒரே மாதிரித் தட்டையாகப் பேசும் என்றெல்லாம் சொல்கிறார்கள். அந்தக் காலம் போய்விட்டது. மைக்ரோசொப்ட் 2023 ஜனவரியில் அறிமுகப்படுத்திய வால்-இ என்ற ஏஐ மாதிரிக்கு, ஒருவரின் குரலில் அப்படியே பேசிக் காட்ட அவர் பேசிய 3 செக்கன் ஒலிப்பதிவே போதுமாக இருந்தது. அதற்கும் முன்னால், 2019இலேயே, பிரித்தானியாவில் ஓர் எரிசக்தி நிறுவனத்தின் தலைவர், ஜெர்மனியில் இருக்கும் தன் மேலதிகாரியின் குரல் என்று நம்பி 2,20,000 யூரோவை ஹங்கேரியில் ஒரு கணக்குக்கு அனுப்பிவிட்டார். 2024இல் வெளிவந்த ஹொங்கொங் சம்பவம் இன்னும் மோசம். அரூப் என்ற பொறியியல் நிறுவனத்தின் நிதிப் பிரிவு ஊழியர், வீடியோ கூட்டத்தில் மேலதிகாரியையும் கூட வேலை செய்கிறவர்களையும் முகம் பார்த்தே பேசினார். அவரைத் தவிர மற்ற எல்லாரும் போலி. 15 தடவையாக 20 கோடி ஹொங்கொங் டொலர் போனது. காசு அனுப்புவதையே தொழிலாகச் செய்கிறவர்கள் ஏமாந்த இடத்தில், மகனுக்கு ஆக்சிடென்ட் என்று கேட்டுக் கை நடுங்கும் தாய்க்கு மூச்சுச் சத்தம் எங்கே கேட்கப்போகிறது?

என் கடையில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு சனிக்கிழமை காலை, எனக்குப் பெரியம்மா முறையான ஒருவர் மூச்சு வாங்க ஓடி வந்தார். பேர், ஊர் சொல்ல மாட்டேன். கையில் பொலித்தீன் பையில் சுற்றிய காசு. மகளுக்குக் கட்டுகிற வீட்டின் கூரைக்காகச் சீட்டெடுத்து வைத்திருந்த காசு அது. எங்கள் பக்கத்தில் மகளுக்கு வீடு என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று மட்டக்களப்பாருக்குச் சொல்லத் தேவையில்லை. கட்டாரில் இருக்கும் மகன் வட்ஸ்அப்பில் எடுத்தானாம், புது நம்பர். "அம்மா, ஆக்சிடென்ட் பட்டுட்டன், பொலிஸ்ல நிக்கிறன், அப்பாக்குச் சொல்லாதீங்க" என்று அழுதிருக்கிறான். பிறகு 'கூட்டாளி' ஒருவன் போனை வாங்கி, உள்ளூர் வங்கிக் கணக்கு ஒன்றைக் கொடுத்து, ஒரு மணித்தியாலத்துக்குள் காசு போட வேண்டும் என்றானாம். என் போனில் இருந்து உடனே அனுப்பித் தா என்று பெரியம்மா நிற்கிறார்.

மகனின் பழைய நம்பருக்கு ஒரு தடவை எடுத்துப் பார்ப்போம் என்றேன். எடுத்தோம், தூக்கவில்லை. அதோடு அவருக்குப் பயம் இன்னும் கூடிவிட்டது. "என்ட புள்ளட குரல் எனக்குத் தெரியாதா மனே? நீயா பெத்த?" என்று கடையில் நின்றவர்கள் எல்லாரும் பார்க்கச் சத்தம் போட்டார். வரிசையில் நின்ற ஒருவர், "காச அனுப்பிக் குடன் தம்பி, உனக்கென்ன?" என்றார். அந்த வார்த்தை இன்றைக்கும் எனக்குச் சுடுகிறது. என் வேலை அனுப்புவது மட்டும்தான், விசாரிக்க நான் யார் என்று இதைப் படிக்கும் சிலரும் நினைக்கலாம். அனுப்பினால்தான் எனக்குக் கமிஷன், மறித்தால் ஒன்றுமில்லை. அப்படியிருந்தும் மறித்தேன் என்றால், அந்தக் கூரைக் காசு எப்படிச் சேர்ந்தது என்று எனக்குத் தெரியும் என்பதால்தான்.

நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "பெரியம்மா, ஆக்சிடென்ட் கட்டார்ல. அங்கத்தைய பொலிஸுக்குக் கட்டுற காசு ஏன் இலங்கையில ஒருத்தன்ட கணக்குக்குப் போகணும்?" அவர் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். மருமகளுக்கு எடுத்து, மகன் இருக்கும் கேம்பில் கூட இருக்கிற ஆளின் நம்பரை வாங்கி அழைத்தோம். மகன் இரவு ஷிப்ட் முடித்துவிட்டுப் போனைச் சைலண்டில் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். அங்கே அப்போது விடிந்து கொஞ்ச நேரம்தான். எழுப்பிப் பேச வைத்தார்கள். பெரியம்மா அழுத அழுகையை நான் இங்கே எழுத மாட்டேன்.

பையன் கேம்பில் இருந்து டிக்டொக்கில் நன்றாகப் பாடுவான், பேசுவான். குரல் வேண்டுமென்றால் யாரும் எடுக்கலாம். அது ஏஐதானா, ஆரோ குரல் மாற்றி அழுததா என்று வாதாட வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இரண்டில் எதுவாக இருந்தாலும் காசைக் காப்பாற்றும் வழி ஒன்றுதான். வந்த கோலை வெட்டிவிட்டு, ஏற்கெனவே சேமித்து வைத்திருக்கும் பழைய நம்பருக்கு நாமே எடுப்பது. தூக்காவிட்டால் காத்திருப்பது, இல்லையென்றால் கூட இருக்கிறவருக்கு எடுப்பது. இதற்காகவே அறை நண்பர் ஒருவரின் நம்பரையும் உங்கள் கம்பனி நம்பரையும் இன்றைக்கே அம்மாவின் போனில் பதிந்து, ஒரு தாளிலும் எழுதி ஒட்டச் சொல்லுங்கள்.

வீட்டுக்குள் மட்டும் தெரிந்த கேள்வி ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். பிறந்த நாள், படித்த பள்ளிக்கூடம், மாமாங்கத் தீர்த்தத்துக்குப் போன வருடம், இவையெல்லாம் பேஸ்புக்கில் கிடக்கின்றன. முன்வளவு முருங்கையை யார் தறித்தது என்பது மாதிரி இருக்க வேண்டும். அப்புறம், கேள்வி கேட்டதற்காக அம்மாவிடம் கோபப்படமாட்டேன் என்று நீங்களே வாயால் சொல்லுங்கள். எங்கள் ஊரில் தாய்மார் ஏமாறுவது விவரம் இல்லாததால் இல்லை. பிள்ளை தவிக்கும்போது சந்தேகப்பட்டால் கல் மனசுக்காரி என்று பேசுவார்களே என்ற பயம்தான். அந்தப் பயத்தை எடுத்துவிட மகனால் மட்டும்தான் முடியும்.

காசு விஷயத்தில் இன்னும் கொஞ்சம். பெரிய தொகையைப் போன் ஆப்போடு தொடுக்காத கணக்கிலோ நிலையான வைப்பிலோ போடுங்கள். வீட்டுச் செலவுக்கான கணக்கில் மட்டும் அட்டையும் ஆப்பும் இருக்கட்டும், அதிலும் நாளுக்கு அனுப்பக்கூடிய எல்லையைக் குறைத்து வையுங்கள். வங்கிக்கு வங்கி ஒன்லைனில் காசு மாற்றும் செஃப்ட்ஸ் முறையில் அனுப்பும் காசு அந்தக் கணமே மற்ற வங்கியில் விழுந்துவிடும், திருப்பி எடுப்பது லேசில்லை. வட்ஸ்அப்பில் தெரிந்தவர் பேரில் "6 இலக்க கோட் ஒண்டு வந்திருக்கும், அனுப்புங்க" என்று கேட்டால் கொடுக்கவே கூடாது, கொடுத்தால் உங்கள் வட்ஸ்அப் அவன் கைக்குப் போய்விடும். அந்தக் கோட்டோடு இன்னொரு இரகசிய இலக்கத்தையும் கேட்கும் டூ ஸ்டெப் வெரிபிகேஷனை வட்ஸ்அப்பில் போட்டு வையுங்கள்.

இதில் எனக்கு ஒரு ஆதங்கம் இருக்கிறது. ஓடீபி நம்பரை, அதாவது வங்கி போனுக்கு அனுப்பும் ஒரு தடவைக்கான இரகசிய இலக்கத்தை, யாருக்கும் சொல்லாதே என்ற எச்சரிக்கை என் கடைக்கு வருகிறவர்களின் போனில் ஆங்கிலத்தில்தான் வருகிறது. வாசிக்கத் தெரியாதவர் அதை அப்படியே யாரிடமாவது நீட்டி "என்ன மனே போட்டிருக்கு" என்று கேட்கிறார். தமிழ் 1987இலேயே 13ஆம் திருத்தத்தால் அரச கரும மொழி ஆகிவிட்டது. அப்படியிருந்தும் தனிச் சிங்களக் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு வாசித்துச் சொல்ல ஆள் தேடி என் கடைக்கு வரும் வயதானவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஓய்வூதியம், காணி, ஆஸ்பத்திரி என்று எதுவாகவும் இருக்கும். தன் சொந்தக் காணிக் கடிதத்தில் என்ன இருக்கிறது என்று ஊரார் முன்னால் கேட்டு அறிய வேண்டிய நிலை மனிதருக்கு வரக்கூடாது. கேள்விக்குச் சம்பந்தமில்லை என்பீர்கள், சரி. ஆனால் கண்டவரிடமும் போனை நீட்டிப் பழகியவர்களைத்தான் மோசடிக்காரன் தேடுகிறான்.

காசு போய்விட்டால் முதலில் அனுப்பிய வங்கியின் 24 மணிநேர இலக்கத்துக்கு எடுத்து, போன கணக்கை முடக்கக் கேளுங்கள். விடியட்டும் என்று பார்க்க வேண்டாம். பிறகு பொலிஸில் முறைப்பாடு. கணினி, இணையப் பாதுகாப்பைப் பார்க்கும் இலங்கை சேர்ட் நிறுவனத்துக்கு 101, வங்கி கைவிரித்தால் மத்திய வங்கிக்கு 1935. முறைப்பாட்டைத் தமிழில் எழுதும்படி கேளுங்கள், வாசித்துப் பார்க்காமல் கையெழுத்து வைக்காதீர்கள். வெட்கத்தில் வட்ஸ்அப் சாட்டை அழித்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். அழிக்க வேண்டாம், அந்த நம்பர், கணக்கு இலக்கம், வங்கி ரசீது மூன்றையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போங்கள்.