ஏழு மாதத்தில் இரண்டு பேட்டரி போய்விட்டது, ஆல்டர்னேட்டரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

இன்ஜின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்யும் அந்த ஆல்டர்னேட்டரை இப்போதைக்கு மாற்றாதீர்கள். நான் மாற்றி ஏமாந்தவள்.

நீங்களும் இங்கே சிங்கப்பூரில் வாரநாளில் எம்ஆர்டி ரயிலில் வேலைக்குப் போய்விட்டு, சனி ஞாயிறு மட்டும் தேக்காவுக்கோ ஜொகூருக்கோ காரை எடுப்பவராகத்தான் இருப்பீர்கள். நிறுத்தி வைத்த காரிலும் பதிவு செய்துகொண்டே இருக்கும் டேஷ்கேம் கேமராவும் இருக்கும்.

யீஷூனில் எங்கள் புளோக் பக்கத்து மாடிக் கார்பார்க்கில் ஒரு சனிக்கிழமை சாவியைத் திருப்பினால் 'டிக் டிக்' மட்டும்தான். புது பேட்டரி போட்டேன். நான்கு மாதத்தில் மறுபடி 'டிக் டிக்'. வொர்க்‌ஷாப்பில் மீட்டரைக் கையில் எடுக்காமலேயே "ஆல்டர்னேட்டர் போச்சு" என்றார்கள். அதையும் என்னிடம் சொல்லவில்லை, பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரரிடம் சொன்னார்கள். அவருக்கு லைசென்ஸே கிடையாது! நானோ அங் மோ கியோவில் சிப் தொழிற்சாலையில் பதினொரு வருடம் டெஸ்டிங் பார்த்தவள். அவர் தலையாட்டினார், நான் 480 வெள்ளி கட்டினேன். அன்றைக்கு ஏன் வாயை மூடிக்கொண்டு நின்றேன் என்று இப்போதும் ஆத்திரமாக வருகிறது. வீடு வாங்கப் போனாலும் இதே கூத்துதான், ஏஜெண்ட் என் முகத்தையே பார்க்கமாட்டார். சரி, விடுங்கள்.

ஆறு வாரத்தில் மறுபடி படுத்துவிட்டது. அப்புறம்தான் வீட்டில் கிடந்த மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு கீழே போனேன்.

இரவு முழுக்க நின்ற காரில் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதிதான். இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை வந்தால் ஆல்டர்னேட்டர் நன்றாக இருக்கிறது. (புது மாடல்களில் கம்ப்யூட்டரே இதை ஏற்றி இறக்கும், கொஞ்சம் குறைந்ததும் பதறாதீர்கள்.) பழைய ஆல்டர்னேட்டரில் இதைப் பார்க்க இரண்டு நிமிடம் ஆகியிருக்கும்.

அடுத்தது கார் தூங்கும்போது எவ்வளவு கரண்ட் குடிக்கிறது என்பது. நெகட்டிவ் வயரைக் கழற்றி, அதற்கும் பேட்டரிக்கும் நடுவில் மீட்டரை 10 ஆம்பியர் துளையில் வைத்து மாட்டினேன். கதவுகளைச் சாத்தி, ரிமோட் சாவியைத் தூரமாக வைத்துவிட்டு அரைமணி நேரம் காத்திருக்க வேண்டும். அந்த நிலையில் மறந்தும் ஸ்டார்ட் செய்யாதீர்கள், மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். 50 மில்லிஆம்பியருக்குள் இருந்தால் சரி. எனக்கு 340! காரின் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே வந்தேன். டேஷ்கேம் வயர் சொருகியிருந்த ஃபியூஸை எடுத்ததும் 30க்கு இறங்கியது.

340 என்றால் ஒரு நாளைக்கு எட்டு ஆம்பியர்-மணி. என் பேட்டரியே 45தான். கேமராவைப் பொருத்திய பையன், பேட்டரி 11.8 வோல்ட்டுக்கு இறங்கினால்தான் கேமரா நிற்கும்படி வைத்திருக்கிறான். அது கிட்டத்தட்ட காலி பேட்டரி. ஸ்டார்ட் செய்யும் பேட்டரியை இப்படி வாரா வாரம் காலி செய்தால் உள்ளே இருக்கும் தகடுகள் கெட்டுப்போகும். போதாததற்கு நம் ஊர் வெயில் வேறு.

புளோக்கில் எல்லாரும், சாலைக் கட்டணத்துக்காகக் காரில் பொருத்தும் புது ஓபியூ கருவி மேல்தான் பழி போட்டார்கள். என் காரில் காரணம் அது இல்லை.

மெக்கானிக் அண்ணன்மார் சண்டைக்கு வரவேண்டாம். ஆல்டர்னேட்டர் கெடவே கெடாது என்று நான் சொல்லவில்லை, அளந்து பாருங்கள் என்கிறேன். ஹைபிரிட், மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் இதைச் செய்யாதீர்கள், ஆரஞ்சு நிற உயர் வோல்டேஜ் வயர் பக்கமே போகக்கூடாது.

மூன்றாவது பேட்டரி போட்டு, கேமரா நிற்கும் அளவை 12.4க்கு ஏற்றி ஒன்றரை வருடம் ஆகிறது. வண்டி ஒரு சனிக்கிழமைகூட மக்கர் செய்யவில்லை. பழைய ஆல்டர்னேட்டரைத் திருப்பிக் கேட்கப் போனேன். அதை அன்றைக்கே பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்களாம். இதையும் வீட்டுக்காரரைப் பார்த்துத்தான் சொன்னார்கள்.