கோல்ஃப் டிரைவர் ஷாஃப்ட்: ரெகுலரா, ஸ்டிஃபா?

டிரைவரை, அதாவது பந்தை நெடுந்தூரம் அடிக்கும் கோல்ஃப் கிளப்பை, வீசும் வேகம் மணிக்கு 94 மைல், அதற்கு எந்த ஷாஃப்ட் (கிளப்பின் தண்டு) வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

பொதுவாக 85 முதல் 95 வரை ரெகுலர் (சற்று வளைந்து கொடுக்கும் தண்டு), அதற்கு மேல் 105 வரை ஸ்டிஃப் (விறைப்பான தண்டு) என்பார்கள். ஆனால் இதற்குப் பொது அளவுகோல் கிடையாது. ஒரு கம்பெனியின் ரெகுலர் இன்னொன்றின் ஸ்டிஃப் போல விறைப்பாக இருக்கலாம். நீங்கள் எல்லையில் நிற்பதால் டெம்போவை, அதாவது வீச்சின் தாளகதியைப் பாருங்கள். ஓங்கிய உச்சியிலிருந்து கிளப்பை வெடுக்கென்று இழுப்பவர் என்றால் ஸ்டிஃப். நிதானமாக இறக்குபவர் என்றால் ரெகுலரே போதும்.

அப்புறம் ஷாஃப்டின் எடை. என்னைக் கேட்டால் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 50 கிராம், 60 கிராம் இரண்டிலும் பத்துப் பத்துப் பந்து அடியுங்கள். கிளப் முகத்தில் லேசாகப் பவுடர் பூசிக்கொண்டால் பந்து பட்ட தடம் பளிச்சென்று தெரியும். தடங்கள் நடுவில் நெருங்கி விழும் ஷாஃப்டை எடுங்கள்.